லாரிக்காரர் சொன்ன தாலி

மலாக்காவின் காஜா பேராங்கில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் பக்கவாட்டில் ஒரு ரம்புத்தான் மரம் நின்றது. அதன் நிழலில் என் கணவரின் மோரிஸ் மைனர் கார் நிற்கும். ஆஸ்பத்திரி அப்படியொன்றும் பக்கமில்லை. ஆனாலும் அவர் நடந்தேதான் வேலைக்குப் போவார். காருக்கு வெயில் ஆகாதாம். மெர்டேகா, அதாவது மலாயாவுக்குச் சுதந்திரம், கிடைத்து ஒரு மாதம்கூட ஆகாத அந்த நாட்களை நினைத்தால், எல்லாமே அந்தக் காருக்குள் உட்கார்ந்து பார்த்ததாகத்தான் எனக்கு ஞாபகம் வருகிறது. கொஞ்சம் பச்சை, கொஞ்சம் மங்கல், சத்தம் ரொம்பக் குறைவு.

உண்மையாகவே நான் அதற்குள் உட்கார்ந்துதான் இருந்தேன். அவர் மாலை ஷிப்டுக்குப் போனதும் சமையலை முடித்துவிட்டு, சாவியை எடுத்து, வலது பக்கக் கதவைத் திறந்து ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்துகொள்வேன். இன்ஜினைத் தொடமாட்டேன். தொட்டால் என்ன ஆகுமென்றும் தெரியாது. கம்போங் செட்டி கோவில் மணியும், எங்கோ தூரத்துப் பள்ளிவாசல் பாங்கும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கேட்கும். இருந்த இடத்திலிருந்தே நான் தஞ்சோங் கிளிங் கடற்கரை வரைக்கும் ஓட்டிக்கொண்டு போவேன். சில நாள் அலை காருக்குள்ளேயே வந்து காலை நனைத்துவிட்டுப் போகும். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அவருக்குக் கிளந்தானில் குவாலா கிராய் ஆஸ்பத்திரிக்கு மாற்றல் வந்தது. உடனே வந்து சேரச் சொல்லி உத்தரவு. தான் முன்னால் போவதாகவும், சிங்கப்பூரிலிருந்து தன் அண்ணன் வந்து சாமான்களையும் காரையும் அனுப்பிவைப்பார் என்றும் சொன்னார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பெட்டி கட்டத் தெரியாதவளா நான், ஆள் பிடிக்கத் தெரியாதவளா என்று கேட்டேன். அந்தக் காலத்தில் அந்தப் பக்கம் நேர்ச்சாலை கிடையாது. கார் தம்பின் ஸ்டேஷனில் கூட்ஸ் ரயிலேறி, கிம்மாஸ் வழியாகக் காட்டுக்குள் போக வேண்டும். இதெல்லாம் தெரிந்துதான் பேசுகிறாயா என்றார். தெரியாமல்தான் பேசினேன், ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை.

"சரி, கார் ஒரு கீறல் இல்லாம வந்துச்சுன்னா ஒனக்கு ஓட்டக் கத்துக்குடுக்குறேன்" என்றார், சிரித்துக்கொண்டே. வராது என்கிற நம்பிக்கையில் சொன்ன வார்த்தை அது. நான் அதைச் சத்தியமாக எடுத்துக்கொண்டேன். கீறல் விழுந்தால் ஆயுசுக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது.

அவர் போன மறுநாளே ஆள் தேட ஆரம்பித்தேன். இரண்டு பேர் கிடைத்தார்கள். முதலாமவர் ஜாலான் துக்காங் எமாஸ் பக்கம் மாடியில் ஆபீஸ் வைத்திருந்த ஏஜெண்ட். வீட்டுக்கு வந்தபோது சலவைச் சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா. வாய் நிறையத் தமிழ். என் ஊரைக் கேட்டதும், அட நம்ம ஊர்ப்பக்கம் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டார். பேச ஆளில்லாமல் காய்ந்து கிடந்த எனக்கு அந்தத் தமிழ் தேனாக இருந்தது. பெரிய துரைமார் கொடுத்ததாகச் சில நற்சான்றுக் கடிதங்களையும் காட்டினார். சாமான்களையோ காரையோ அவர் எழுந்து பார்த்ததாக ஞாபகமில்லை. மறுநாள் காலை வந்து கார்ச் சாவியை வாங்கிக்கொள்வதாகச் சொல்லிப் போனார்.

அன்று மதியம் இரண்டாமவர் வந்தார். கம்போங் செட்டிக்காரர், சொந்தமாக ஒரு லாரி வைத்திருந்தார். நெற்றியில் திருநீறு, இடுப்பில் சாரோங். பார்த்தால் எங்கள் தெருக்காரர் மாதிரியே இருப்பார், வாயைத் திறந்தால் மலாய்தான். மலாக்கா செட்டிகள் அப்படித்தான். பல தலைமுறைக்கு முன்னால் தமிழர்கள் இங்கேயே பெண் கட்டி, இங்கேயே தங்கி, சாமியை விடாமல் பேச்சை மட்டும் விட்டுவிட்டார்கள். நான் தமிழில் பேசப் பேச அவர் தலையாட்டிக்கொண்டே வீட்டைச் சுற்றி வந்தார். அலமாரிக் கதவை ஆட்டிப் பார்த்தார், அம்மிக்கல்லைக் காலால் நகர்த்திப் பார்த்தார், காரின் அடியில் குனிந்து வெகுநேரம் எதையோ பார்த்தார். ஒரு நல்ல வார்த்தை பேசவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது.

கடைசியில் வாசலில் நின்ற என் பக்கம் திரும்பி, கையை நீட்டிச் சொன்னார்: "அக்கா, தாலி சுடா லாமா. மிஸ்தி துக்கார். சாயா காசி தாலி பாரு."

சந்தையில் பழகிய அளவுக்கு எனக்கு மலாய் தெரியும். லாமா என்றால் பழையது, துக்கார் என்றால் மாற்றுவது, சாயா காசி என்றால் நான் தருகிறேன், பாரு என்றால் புதியது. தாலி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய வார்த்தையா? தாலி பழசாகிவிட்டது, மாற்றியாக வேண்டும், நான் புதுத் தாலி தருகிறேன்! புருஷன் ஊரில் இல்லாத வீட்டு வாசலில் நின்று, அதுவும் அக்கா என்று கூப்பிட்டுவிட்டு!

தாலியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் விளக்குமாற்றை எடுத்துவிட்டேன். என்னென்ன பேசினேனோ, நாகப்பட்டினத்து வசவு ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. அந்த மனிதர் ஒரு வார்த்தையும் விளங்காமல் பின்பக்கமாகவே நடந்து வாசலைத் தாண்டினார். கதவைச் சாத்தினேன். அன்று மாலை காருக்குள் போய் உட்கார்ந்தும் கடற்கரை வரவில்லை, மரநிழல் மட்டும்தான் இருந்தது.

மறுநாள் காலை, ஏஜெண்ட் வருவதற்கு முன்னால், லாரிக்காரரின் மனைவி வந்தாள். கோவிலில் பார்த்திருக்கிறேன், சாரோங்கும் கெபாயா என்கிற மேல்சட்டையும் உடுத்தி, எங்களைப் போலவே பூ வைத்துக்கொண்டு வருவாள். வரும்போதே சிரிப்பை அடக்க முடியாமல் முகம் சிவந்திருந்தது. கையில் ஒரு சுருள் புதுக் கயிறு. அதை என் மடியில் போட்டாள்.

"அக்கா, இனி தாலி" என்றாள்.

இனிமேல் தாலியா? இவளுமா என்று நான் முறைத்தேன். அவள் கயிற்றைத் தொட்டுக் காட்டித் திரும்பவும் சொன்னாள். அப்புறம் நான் வாசலோரம் போட்டு வைத்திருந்த பழைய கயிற்றைத் தூக்கினாள். சாமான் கட்டுவதற்கென்று என் கணவர் விட்டுப்போன கயிறு அது. அதை முறுக்கிக் காட்டினாள், பிரிபிரியாக உதிர்ந்தது. "தாலி லாமா" என்றாள். மடியில் கிடந்ததைக் காட்டி, "தாலி பாரு."

மலாயில் கயிற்றுக்குத் தாலி என்று பெயர், இனி என்றால் இது. இரண்டு வருஷமாக அந்த ஒரு வார்த்தை என் காதில் விழவில்லை. அவள் தன் கெபாயாவுக்குள்ளிருந்து மஞ்சள் கயிற்றை வெளியே எடுத்து, "இனி புன் தாலி" என்றாள். இதுவும் தாலிதான். கல்யாணத்தில் கட்டுவதையும் அவர்கள் அதே வார்த்தையில்தான் சொல்கிறார்கள். அதனால்தான், ராத்திரி முழுக்கக் குழம்பிக் கிடந்த அவள் புருஷனுக்கு நான் எதற்குக் கத்தினேன் என்பது தெரியாமல் போக, நான் தாலியைப் பிடித்துக்கொண்டதைச் சொன்னவுடனே இவளுக்கு மட்டும் விளங்கியிருக்கிறது. வெட்கத்தில் எனக்கு அழுகை வந்தது. அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, நானும் அழுதுகொண்டே சிரித்தேன்.

அவள் போன கொஞ்ச நேரத்தில் ஏஜெண்ட் வந்து சாவிக்குக் கையை நீட்டினார். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். காரை எந்தக் கயிற்றால் கட்டுவீர்கள்?

"கயிறு கியிறெல்லாம் நம்ம ஆளுங்க பாத்துக்குவாங்க. நீங்க சாவியக் குடுத்துட்டு நிம்மதியா ரயிலேறுங்க தங்கச்சி."

தங்கச்சி நல்ல வார்த்தைதான். ஆனால் என் கயிறு உதிர்கிறதென்று என்னிடம் சொன்னது அவரில்லை. வேறு ஆள் வைத்துவிட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டு, விளக்குமாறு பிடித்த அதே கையைக் கூப்பிக்கொண்டு செட்டி வீட்டு வாசலில் போய் நின்றேன். லாரிக்காரர் இரண்டடி தள்ளியே நின்றார், பாவம்.

பெட்டி கட்டும்போது அரிசி, பருப்பு, டின் பால் எதையும் உள்ளே வைக்காதே என்று மனைவி மூலமாகச் சொன்னார். காட்டுக்காரர்களுக்கு, அதாவது காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு, போய்விடும் என்று வழியில் போலீஸ் எல்லாப் பெட்டியையும் திறந்துவிடுவார்களாம். பெட்ரோலை வடித்துவிட்டார். பலகை போட்டுக் காரை லாரியில் ஏற்றினார். விடிகாலைப் பனியில், முன்சீட்டில் அவர் மனைவிக்கும் கதவுக்கும் நடுவே ஒடுங்கி உட்கார்ந்து தம்பினுக்குப் போனேன். ரப்பர் மரங்கள் தூக்கத்தில் நடப்பவர்கள்போல ஒதுங்கி வழிவிட்டுக்கொண்டே இருந்தன. கூட்ஸ் வண்டியில் காரை ஏற்றிச் சக்கரத்துக்கு மரக்கட்டை கொடுத்தார். புதுக் கயிறு பம்பரைத் தொடுகிற இடத்திலெல்லாம் தன் மனைவியின் பழைய சாரோங்கை மடித்து வைத்தார். கடைசி முடிச்சைப் போட்டு, என்னையே இழுத்துப் பார்க்கச் சொன்னார். பிறகு சாவியை என் கையில் வைத்தார். அதை யாரிடமும் கொடுக்காதே என்று சைகை காட்டினார்.

நான் பின்னால் பயணிகள் ரயிலில் போய்ச் சேர்ந்தேன். காடும் ஆறும் மூடுபனியுமாக அந்தப் பயணம் நினைவில் ஒரு நீளமான கனவாக மட்டும் இருக்கிறது. குவாலா கிராயில் என் கணவர் கேட்ட முதல் கேள்வி, கார் எங்கே? வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் அவர் பேசுவதை நிறுத்திவிட்டார். அண்ணனை வரச் சொல்லியிருக்கலாம் என்று அவர் முகம் சொல்லிக்கொண்டிருந்தது. நான் முந்தானைக்குள் சாவியைப் பிடித்தபடியே நடமாடினேன். லாரிக்காரரைச் சந்தேகித்தேன், அதற்காக வெட்கப்பட்டேன், மறுபடியும் சந்தேகித்தேன்.

நான்காம் நாள் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது. போய்ப் பார்த்தால், கூட்ஸ் ரயிலின் தட்டுவண்டியில் என் கார் தூசியும் கரியுமாக, தம்பினில் பார்த்த அதே இடத்தில், ஒரு விரல்கூட நகராமல் நின்றது. அவர் கைக்குட்டையால் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டு மூன்று முறை சுற்றி வந்தார்.

"கீறல் இல்ல" என்றார். கைக்குட்டையை உதறிவிட்டு, "கெட்டிக்காரிதான்."

இறக்கியதும் சாவிக்குக் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. வலது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். பெட்ரோல் இல்லையே என்றார். அதனாலென்ன, தள்ளுங்கள் என்றேன். அவரும் இரண்டு போர்ட்டர்களும் பின்னாலிருந்து தள்ள, ஸ்டேஷன் ரோட்டில் பெட்ரோல் கடை வரைக்கும் நான்தான் ஸ்டியரிங் பிடித்தேன். இன்ஜின் சத்தமே இல்லை. ரம்புத்தான் மரத்தடியில் எப்படி ஓட்டினேனோ அப்படியேதான் ஓடியது, இந்தத் தடவை மரங்கள் நகர்ந்தன.

அந்த மோரிஸுக்குப் பிறகு நாங்கள் மூன்று கார்கள் மாற்றினோம். ஒவ்வொரு தடவையும் தம்பினில் கட்டிய அந்தக் கயிற்றைப் பழைய காரிலிருந்து எடுத்துப் புதுக் காரின் பின்பெட்டியில் வைப்பேன். அவர் கேலி செய்வார். அவர் போன பிறகு, சடங்கு நாளன்று பெண்கள் கூடி என் தாலியைக் கழற்றினார்கள். எல்லோரும் கலைந்ததும் வாசலுக்கு வந்து காரின் பின்பெட்டியைத் திறந்தேன். கயிறு நிறம் கறுத்திருந்தது, ஒரு பிரிகூட அவிழவில்லை. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

இனி தாலி, என்று சொல்லிக்கொண்டேன். இரண்டு பாஷையிலும் அது சரியாகத்தான் இருந்தது.