மாமாவின் அளத்தில் மழை

தூத்துக்குடியில் மழை பெய்தால் சந்தோஷப்படக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எங்கள் ஊர் சேரன்மாதேவி. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். ஆற்றுப் பாசனத்தில் கொஞ்சம் வயலும் உண்டு. பாபநாசம் மலையில் நாலு தூறல் விழுந்தால் போதும், பெரியப்பா வாசலில் நின்று தெருவுக்கே அறிவிப்பார். அந்த வீட்டில் பிறந்தவளுக்கு மழை என்றால் நல்லது, அவ்வளவுதான்.

அம்மா பிறந்தது தூத்துக்குடியில். மே மாத விடுமுறைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு அவள் அண்ணன் வீட்டுக்குப் போவாள். எனக்கு அந்த ஊர் பிடிக்கும், பிசுபிசுக்கும் மதியங்களைத் தவிர. சாயங்காலம் கடல்காற்று வந்ததும் மாமா என்னைப் பழைய துறைமுகத்துக்குக் கூட்டிப்போய், தோணிகளில் மூட்டை ஏற்றுவதைக் காட்டுவார். திரும்பும்போது மக்ரூன் வாங்கித் தருவார். வாயில் போட்டதும் கரைந்துவிடும். அதில் முட்டை உண்டு என்பதை எங்கள் சைவ வீட்டில் மூச்சுவிடக் கூடாது என்பது மட்டும் அத்தையின் நிபந்தனை.

அந்த வருஷம் மாமா ஏகக் குஷியில் இருந்தார். அதுவரை யாருடைய உப்பளத்திலோ மேற்பார்வை பார்த்தவர், முதல் தடவையாகத் தானே ஒரு அளத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். இந்த விளைச்சல் கைகொடுத்தால்தான் குத்தகை நிலைக்கும் என்று அத்தை அம்மாவிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. மறுநாள் வாரப்போகிற உப்பைப் பார்க்க மாமா எங்களையும் கூட்டிப்போனார். பாத்தி பாத்தியாக வெள்ளை. கண்ணைத் திறக்க முடியவில்லை.

மதியத்துக்கு மேல் மேற்கே கறுத்தது. எனக்கு அந்தக் கறுப்பு நன்றாகத் தெரியும். எங்கள் ஊரில் அதைப் பார்த்துத்தான் பெரியப்பா மீசையைத் தடவுவார்.

"மாமா, மழை வருது!" என்று கத்தினேன். நல்ல சேதியை முதலில் சொன்ன பெருமை எனக்கு.

வேலைக்கு நின்ற பெண்களும் மாமாவும் உப்பு வாரும் பலகைகளை எடுத்துக்கொண்டு பாத்திக்குள் இறங்கினார்கள். அத்தை செருப்பை உதறிவிட்டுத் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடினாள். வாரியது கொஞ்சம்தான். அதற்குள் பெருந்துளியாக விழ ஆரம்பித்துவிட்டது. நான் வரப்பில் நின்று கையை விரித்துக்கொண்டு குதித்தேன். "நல்லா பெய்யி! இன்னும் பெய்யி!"

முதுகில் பளீரென்று ஒன்று விழுந்தது. அம்மா அதற்கு முன்னால் என்னை அடித்ததே இல்லை. வலியைவிட அவமானம்தான் அதிகம்.

"விடுளா," என்றார் மாமா, நனைந்துகொண்டே. "புள்ளைக்கி என்ன தெரியும்? ஆத்தங்கரைப் புள்ளைல்லா."

மழை நின்றபோது பாத்திகளில் வெள்ளை இல்லை, தண்ணீர்தான் இருந்தது. மாமா பலகைகளைப் பொறுக்கி அடுக்கினார். அந்த வருஷத்தோடு குத்தகையை விட்டுவிட்டுப் பழையபடி மேற்பார்வைக்கே போனார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரியும்.

மறுநாள் ஊர் திரும்பினோம். அங்கேயும் கொட்டித் தீர்த்திருந்தது. பெரியப்பா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "அணையில தண்ணி ஏறுதும்மா. கார் சாகுபடிக்குக் கவலையில்ல. ஒங்க ஊர்லயும் நல்ல மழையாமே?"

"ஆமா அத்தான், நல்ல மழை," என்றாள் அம்மா. பிறகு உள்ளே போய், எல்லோருக்கும் கேசரி கிளறினாள்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அடுக்களைக்குள் போய்க் கேட்டேன்: "அங்கன மழைக்கி என்னய அடிச்சே. இங்கன அதே மழைக்கி கேசரி கிண்டுதே?"

அம்மா கரண்டியை நிறுத்தவில்லை. "அது எங்க அண்ணன் வீடு. இது நம்ம வீடு," என்றாள்.

இதெல்லாம் ஒரு பதிலா என்று நினைத்தேன். கேசரி நன்றாக இருந்தது. இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன்.