இரண்டு சென்னம்மாள்

கோகிலாவுக்கு நான் செய்த கெடுதலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் பெயர் ஜெனிபர். கணவருக்கு மின்வாரியத்தில் வேலை. அவரோடு கொல்லிமலைக்கு வந்தவள், செம்மேட்டில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். கொஞ்சம் அவசரக்காரி. யார் விண்ணப்பம் போட வந்தாலும், "ஆதாரைக் கொடு" என்று வாங்கி, அதில் உள்ளதை அப்படியே தட்டிவிடுவேன். கோகிலாவுக்கும் அப்படித்தான் தட்டினேன்.

அவள் வளப்பூர் நாட்டுக்காரி; இந்த மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்பார்கள். இருபத்தேழு வயது. ராசிபுரத்தில் தங்கி பி.ஏ. வரலாறு இரண்டு வருடம் படித்தாள், எல்லாத் தாளிலும் பாஸ். அந்தச் சமயத்தில் மிளகு பறிக்க மரம் ஏறிய அப்பா விழுந்து இடுப்பு போய்விட்டது. படிப்பை நிறுத்தி அண்ணாமலைக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். அது 2019-ல்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு நாள் கடைக்கு வந்து, "அக்கா, பழைய ரெண்டு வருச கிரெடிட்ட தொலைதூரப் படிப்புல சேத்துக்குவாங்களாமுங்க. சில பாடத்த ஆன்லைன்ல நாமளே படிச்சு பரீச்ச மட்டும் எழுதுனாலும் கிரெடிட் உண்டாமுங்க. டிகிரி இருந்தா குரூப் டூ எழுதலாமுங்க" என்றாள். தேறிய பாடத்துக்குக் கிடைக்கும் புள்ளிதான் கிரெடிட்டாம், எனக்கே தெரியாத விஷயம் அது. மரவள்ளிக் காட்டில் வேலை முடித்து, சிக்னல் கிடைக்கிற பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து செல்போனில் படித்தாள். சேலம் போய் நான்கு பரீட்சை எழுதி நான்கிலும் தேறினாள். பதினாறு கிரெடிட். கல்லூரியில் வாங்கிய எண்பதையும் சேர்த்தால் தொண்ணூற்றாறு. பட்டத்துக்கு நூற்றிருபது போதும்.

பழைய கிரெடிட்டை மாற்ற இந்த வருடம் விண்ணப்பம் போட்டோம். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். பெயர் பொருந்தவில்லை என்று திரும்பி வந்துவிட்டது.

"சர்டிபிகேட்ல சென்னம்மாள்னு இருக்கே, யாரு இது?" என்று கத்தினேன்.

"நாந்தானுங்க" என்றாள்.

அவள் மாமியார் பெயரும் சென்னம்மாள். மாமியாரும் மருமகளும் ஒரே பெயரில் ஒரு கூரைக்குள் இருக்கக் கூடாதாம், ஒருத்தி பெயர் இன்னொருத்தி ஆயுசைத் தின்றுவிடுமாம். தாலி கட்டிய அன்றே இவளைக் கோகிலா ஆக்கிவிட்டார்கள். ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் அப்படியே மாறிவிட்டன. பத்தாவது முதல் கல்லூரி வரை படித்தவள் சென்னம்மாள். பஸ் ஸ்டாப்பில் படித்து, நான் தட்டிய பெயரில் பரீட்சை எழுதியவள் கோகிலா. ஆளுக்குப் பாதி படித்திருக்கிறார்கள், பட்டம் யாருக்கும் இல்லை. ஒரு நிமிடம் நிமிர்ந்து பார்த்துக் கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். இப்போதும் நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

இரண்டு பேரும் ஒருத்திதான் என்று சான்று வாங்கினால் சரியாகும். அதற்குக் கிராம நிர்வாக அலுவலர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார், வீட்டுப் பெரியவர் கைநாட்டு வைக்க வேண்டும்; மாமியார் இருக்கிற வரை அது அவர்தான். ஆனால் ஏழு வருடம் தாண்டினால் பழைய கிரெடிட் செல்லாது. ஜூலை கடைசி வரைதான் கெடு.

மாமியார் பங்குனியிலிருந்தே படுக்கையில். அண்ணாமலை நல்லவன்தான். அவனும், "அம்மா கெடக்கற கெடையில அந்தப் பேர எடுக்கறது, போயிச் சேருன்னு சொல்ற மாரி ஆயிரும். அம்மா போற வரைக்கும் பொறுத்துக்க" என்றுவிட்டான்.

ஜூன் மாதம் கோகிலா கடைக்கு வந்தாள். வேறு ஆள் இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்ததும் அழ ஆரம்பித்தாள்.

"அக்கா, நேத்து அத்தைக்கு மூச்சு இழுத்துச்சு. முதுகத் தடவிக்கிட்டே ஜூலைக்கு இன்னும் எத்தன நாளுன்னு எண்ணிட்டிருந்தனுங்க. என்னப் பெத்தவளாட்டம் பாத்துக்கிட்டவங்க. நானெல்லாம் ஒரு மனுசியாங்க?"

"அவங்ககிட்டயே கேட்டுடு. மனசுக்குள்ள எண்ணறதுக்கு அது மேல்" என்றேன். நல்லது சொன்னதாகத்தான் அன்று நினைத்தேன்.

போய்க் கேட்டுவிட்டாள். கிழவி, "ஆப்பீசர வரச் சொல்லு கண்ணு" என்றாராம். அலுவலர் வந்தார். "இவ பேரு சென்னம்மாதானுங்க" என்று சொல்லி, கைநாட்டு வைத்துவிட்டார்.

ஜூலை இருபத்தைந்தாம் தேதி கிரெடிட் ஏறியது. சென்னம்மாள், தொண்ணூற்றாறு என்று திரையில் பார்த்ததும் அவளுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை என்று கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறினேன்.

வாசலில் கோகிலா கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினாள். "கைநாட்டு வெச்சதுலருந்து ஒண்ணும் சரியாத் திங்கறதில்லீங்க. நீங்களாவது சொல்லிப் பாருங்க" என்றாள்.

உள்ளே போய்க் கட்டில் பக்கம் குனிந்து, "சென்னம்மா அத்தை, நல்லா இருக்கீங்களா?" என்றேன்.

கிழவி கண்ணைத் திறந்தார். கோபம் ஒன்றும் இல்லை. "அந்தப் பேருக்காரி வாசல்ல நிக்கறா, போயிப் பேசுங்க. பேரக் குடுத்தாச்சு, எனக்கெதுக்குங்க இனிக் கஞ்சி?" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.