தண்ணி குடிச்ச புஷ்

“ஸ்வல்ப மூச்சு விடாதீங்க சார்.”

தராசின் கண்ணாடிக் கதவை மூடியபடி எங்கள் லேப் டெக்னீஷியன் பவுலின் சொல்வார். ஃபேன் அதற்கு முன்பே நின்றிருக்கும். அவர் மோதிரம் கழன்று கோட்டுப் பைக்குள் போயிருக்கும். முனைவர் பட்டம் வாங்கிய நான் கன்னம் உப்ப நிற்பேன். மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கைக் காட்டும் தராசு அது. என் பெருமூச்சையெல்லாம் தாங்காது.

மல்லேஸ்வரத்துக்குப் பக்கத்தில், கடல் மட்டத்துக்கு மூவாயிரம் அடி மேலே உட்கார்ந்துகொண்டு, ஆழ்கடலில் எந்தப் பொருள் எப்படித் தேயும் என்று பார்ப்பதுதான் எங்கள் பிழைப்பு. கடல் சென்னையிலிருந்து கேனில் வரும். அதைத் தடித்த இரும்புத் தொட்டியில் ஊற்றி, ஆறாயிரம் மீட்டர் ஆழத்து அழுத்தம் ஏற்றி, உள்ளே பொருள்களை நாள்கணக்கில் உரசவிடுவோம். தொட்டி மூடியில் பவுலின் கையெழுத்தில் ஒரு ஸ்டிக்கர்: ‘ரிசல்ட் வரும்வரை திறக்கக் கூடாது.’

பவுலினுக்கு ஐம்பத்து மூன்று வயது. ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து ஸ்கூட்டரில் வருகிறார். அதன் பிரேக் கட்டை எத்தனை கிலோமீட்டருக்கு எவ்வளவு தேய்ந்தது என்பது அவருக்கு மனப்பாடம். கல்யாண நாள்தோறும் மோதிரத்தை நிறுத்துப் பார்ப்பார். “இருபத்தாறு வருஷத்துல முப்பத்தெட்டு மில்லிகிராம் போயிருக்கு சார். டெரிக்தான் அப்டியே இருக்காரு.” டெரிக் அவர் கணவர். வேளாங்கண்ணியில் எல்லோரும் அலையில் கால் நனைக்க, பவுலின் ஒரு கை தண்ணீர் அள்ளிப் பார்த்துவிட்டு, “மண்ணு ஜாஸ்தி, தேய்மானம் எகிறும்” என்றாராம்.

போன வெள்ளிக்கிழமை தராசில் இருந்தது நான் மூன்று வருஷம் பாடுபட்டு உருவாக்கிய பிளாஸ்டிக் புஷ். ஆட்களோடு ஆழ்கடலுக்குள் இறங்கும் கலத்தில், புரொப்பெல்லர் ஷாஃப்டைச் சுற்றி உட்கார்ந்து அதைத் தாங்கப்போகும் வளையம். பன்னிரண்டு நாள் உரசியும் எடை குறையவில்லை. இரண்டு மில்லிகிராம் கூடியிருந்தது! தேயத் தேய வளரும் பொருளைக் கண்டுபிடித்த மகான் நான்தான் என்று தோன்றியது. அறிக்கையில் ‘தேய்மானம் இல்லை’ என்று டைப் அடித்துவிட்டு, ஓடிப்போய் மைசூர்பாகும் வாங்கி வந்தேன்.

பவுலின் ஸ்வீட் பெட்டியைத் தொடவில்லை. அதே தொட்டியில் உரசல் இல்லாமல் சும்மா ஊறிக்கிடந்த இன்னொரு புஷ்ஷை எடுத்து, துடைத்து, நிறுத்தார். ஒன்பது மில்லிகிராம் கூடியிருந்தது.

“தேயாம இல்ல சார், தண்ணி குடிச்சிருக்கு. ரெண்டுமே ஒம்போது குடிச்சிருக்கும். உரசுனதுல ரெண்டுதான் காட்டுதுன்னா, மிச்சம் ஏழும் தேஞ்சுபோச்சு.”

இந்த வேகத்தில் தேய்ந்தால், நூறு தடவை கடலுக்குள் போய்வர வேண்டிய புஷ், பத்தாவது தடவையே ஆட்டம் காணும். ஊறினால் எடை கூடும் என்பது எங்கள் வீட்டு உளுந்துக்குக்கூடத் தெரியும். வெட்கமாகத்தான் இருந்தது. அதற்காக விட்டுவிட முடியுமா?

“திங்கட்கிழமை மீட்டிங் இருக்கே பவுலின். இத அப்பறமா ரிப்போர்ட்ல சேர்த்துக்கலாமே…” என்று இழுத்தேன்.

“கலத்துக்குள்ள மூணு பேரு உக்காந்திருப்பாங்கல்ல சார்?”

நான் மூச்சுவிடாமல் நின்றேன். தராசில் அப்போது ஒன்றுமே இல்லை. பவுலின் தொட்டி மூடியிலிருந்த ஸ்டிக்கரை நகத்தால் மெதுவாக உரித்தெடுத்து, மைசூர்பாகு பெட்டியின் மேல் ஒட்டி, நாலு மூலையையும் கட்டைவிரலால் அழுத்தினார்.