இருபதாவது சீட்டுக்குக் காத்திருந்த அக்கா

அக்காவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து, இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் அனைவருக்கும் என் வணக்கம். அக்காவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுது என்று எல்லோரும் சொன்னீர்கள். நல்லதைத்தான் எழுதப் போகிறேன். ஆனால் ஒரு வருடம் ஆகியும் எனக்கு அவர்மேல் உள்ள கோபம் தணியவில்லை. அதை மறைத்து எழுத எனக்கு வராது. பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பிறந்தது கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். சுரங்கத்தை மூடியபோது அப்பாவுக்கு மொத்தமாக ஒரு தொகை வந்தது. வீட்டுக்குக் கலர் டிவி வந்தது, பீரோ வந்தது, கேட்ட சொந்தக்காரர்களுக்கெல்லாம் கைமாற்றுப் போனது. இரண்டே வருடத்தில் எல்லாம் கரைந்துவிட்டது. அந்தக் கவலையிலேயே அப்பா போய்ச் சேர்ந்தார். அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு அக்கா பொம்மனஹள்ளிக்கு வந்து, கார்மெண்ட்ஸ் ஃபேக்டரியில் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தார். அன்றிலிருந்து அவருக்கு ஒரே கொள்கை. கையில் வந்த பணம் செலவாகக் கூடாது, வளர வேண்டும்.

அப்படியே வளர்த்தார். போஸ்ட் ஆபீசில் மாதாமாதம் கட்டினார். பேங்கில் டெபாசிட் போட்டார். ஆனேக்கல் பக்கம் வீடு கட்டுகிற மாதிரி ஒரு சைட்டும் வாங்கினார். லீவு நாளில் பஸ் பிடித்துப் போய், சைட்டில் முளைத்திருக்கும் செடிகொடிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வருவார். "பக்கத்து சைட்டு இன்னா வெலைக்குப் போச்சு தெரியுமா பாப்பா?" என்று என்னைக் கேட்கும்போது அவர் முகமே மாறிவிடும். அந்த இடத்தில் ஒரு செங்கல்லாவது வைத்தாரா என்றால் அதுவும் இல்லை. வெயில் காலத்தில் டேபிள் ஃபேனின் சத்தம் தாங்காமல் நான் புதிது வாங்கிக் கொடுத்தேன். அதைக் கடையில் திருப்பிக் கொடுத்து, அந்தப் பணத்தையும் போஸ்ட் ஆபீசில் கட்டிவிட்டார். இதைச் சிக்கனம் என்று நீங்கள் சொல்லலாம். கூட இருந்தவளுக்குத்தான் தெரியும்.

எல்லாவற்றையும்விட அவருக்குப் பிடித்தது எங்கள் தெரு சரோஜாம்மா நடத்தும் ஏலச் சீட்டு. இருபது பெண்கள், மாதம் ஐயாயிரம், மொத்தம் ஒரு லட்சம். அவசரம் உள்ளவர்கள் ஒரு தொகையைத் தள்ளிவிட்டு முன்னாலேயே எடுப்பார்கள். அப்படித் தள்ளிய பணம் எல்லோருக்கும் கழிவாகப் பிரியும். கடைசி மாதம் எடுப்பவருக்கு முழு லட்சமும் கிடைக்கும். அக்கா எந்தச் சீட்டிலும் கடைசி ஆளாகத்தான் எடுப்பார். என் நர்சிங் படிப்புக்காக ஒரே ஒரு முறை இரண்டாவது மாதமே எடுத்தார். கால்வாசி போய்விட்டது. நான் படித்து, வேலைக்குச் சேர்ந்து, கல்யாணம் ஆகிப் பக்கத்துத் தெருவுக்குக் குடிபோன பிறகும் அந்தக் கால்வாசியைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டதும் அவர்தான். கழுத்து வலி தாங்காமல் ஃபேக்டரியை விட்டு வீட்டிலேயே தைக்க ஆரம்பித்தபோது இ.எஸ்.ஐ.யும் போய்விட்டது. அதன் பிறகுதான் படியேறினால் மூச்சு வாங்கத் தொடங்கியது. நான் வேலை பார்க்கும் மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனேன். இதய வால்வு மிகவும் சுருங்கியிருக்கிறது, இந்த மாதமே ஆபரேஷன் செய்யுங்கள் என்றார் டாக்டர்.

"நாலு மாசம் தாங்குமா டாக்டர்?"

"அதை யாராலயும் சொல்ல முடியாதும்மா."

வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "தாங்காதுன்னு சொல்லல பாரு" என்றார்.

நாலு மாதக் கணக்கு எதற்கு என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். அது பதினாறாவது சீட்டு நடந்த மாதம். ஊழியர் குடும்பத்துக்கான சலுகை போக, கையிலிருந்து கட்ட வேண்டியது லட்சத்துச் சொச்சம். சொச்சத்தை நான் போடுகிறேன், நீங்கள் சீட்டை எடுங்கள் என்று கெஞ்சினேன்.

"நாலாயிரம் தள்ளினா போதும்க்கா. அவ்ளோதான்."

"பதினஞ்சு மாசம் கட்டிட்டு இப்ப உட்டுக் குடுப்பனா?"

"அப்ப டெபாசிட்ட உடைங்க."

"உடைச்சா வட்டியக் கொறச்சிருவான்."

"சரி, என் வளையல அடகு வெக்கிறேன்."

"கைல பணம் இருக்கும்போது வட்டி கட்றவ பைத்தியக்காரி. பேசாம டூட்டிக்குப் போ."

அடுத்த மாதம் விஷயம் தெரிந்து சரோஜாம்மா நாலு பெண்களோடு வீட்டுக்கே வந்தார். "இந்த மாசம் யாரும் ஏலம் கேக்கப் போறதில்லக்கா. ஒரு பைசா தள்ளாம முழுசா நீங்களே எடுத்துக்குங்க" என்றார். எனக்கு உயிர் வந்தது. அக்கா எல்லோருக்கும் காபி கொடுத்துவிட்டு நிதானமாகக் கேட்டார்: "அப்ப உங்க கழிவு? ஆளுக்கு எரநூறு போவுமே."

"போனா போவுதுக்கா."

"பேடம்மா" என்று கன்னடத்தில் மறுத்தார். "மத்தவங்க பணத்துல எனக்கு வைத்தியம் வேணாம். மொறன்னா மொறதான்."

ஆளுக்கு இருநூறு ரூபாய். அதை விட்டுக்கொடுக்க அத்தனை பேரும் தயாராக இருந்தார்கள். வாங்கிக்கொள்ள இவர் ஒருவர்தான் தயாராக இல்லை. அக்காவின் நேர்மைக்கு இதைத்தான் எல்லோரும் உதாரணமாகச் சொல்கிறீர்கள். எனக்கு அன்று டம்ளரைத் தூக்கி எறிய வேண்டும்போல இருந்தது. ஊரில் எத்தனையோ நோயாளிகளிடம் பேசிப் பேசி ஆபரேஷனுக்குச் சம்மதிக்க வைக்கிறேன். கூடப் பிறந்தவரிடம் என் பேச்சு எடுபடவில்லை.

பதினெட்டாவது சீட்டு முடிந்த வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நான் டூட்டியில் இருந்தேன். என் வார்டுக்குக் கீழேயே ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார்கள். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

பீரோவைத் திறந்தபோது எல்லாத் தாள்களும் பிளாஸ்டிக் கவரில் ஒழுங்காக இருந்தன. எல்லாவற்றிலும் நாமினி என்ற இடத்தில் என் பெயர். அதைப் பார்த்து எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. நான் கேட்டேனா? வளர்ந்து வளர்ந்து இந்தப் பணம் என்ன செய்யப் போகிறது என்று பலமுறை கேட்டிருக்கிறேன். "அப்புறம் பாக்கலாம்" என்பதைத் தவிர ஒரு பதிலும் அவர் சொன்னதில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். அன்று சிக்னலில்கூட நிற்காமல் வந்து, காசு வாங்க மறுத்த ஆட்டோக்காரத் தம்பிக்கு நன்றி. பதினாறு நாளும் எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவிடாமல் சாப்பாடு அனுப்பிய பக்கத்து வீட்டாருக்கு நன்றி. சீட்டுப் பெண்கள் பத்தொன்பது பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அக்காவின் கடைசி இரண்டு தவணையையும் அவர்களே பிரித்துக் கட்டிவிட்டு, இருபதாவது மாதம் ஒரு லட்சத்தை மஞ்சள் பையில் கொண்டுவந்து படத்துக்கு முன்னால் வைத்தார்கள். "முழுசா இருக்கு, எண்ணிக்கம்மா" என்றார் சரோஜாம்மா. எண்ண எனக்குக் கை வரவில்லை.

அந்தப் பணத்தை நான் எதிலும் போடவில்லை. இந்த மலரைக் கலரில் அச்சடித்ததும், மண்டபம் பிடித்ததும், உள்ளே வெந்துகொண்டிருக்கும் பிரியாணியும் அதில்தான். அக்காவின் பணத்தில் அக்காவுக்காக நடக்கும் முதல் பெரிய செலவு இது. தயவுசெய்து யாரும் சாப்பிடாமல் போகாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கை