கை படாத சுழி

காலை ஆறு மணிக்கு ஸ்ரீரங்கத்தில் என் வீட்டுத் தொலைபேசி அடித்தது. சலீம் பாயின் மகன் யூசுப். "சார், அத்தா மவுத்தாயிட்டாங்க. தூக்கத்துலயே... சாயங்காலம் அசர் தொழுகை முடிஞ்சு அடக்கம். வந்துடுங்க சார்." சரிப்பா என்றேன். அழுகை வரவில்லை. முதலில் நினைவுக்கு வந்தது நான்காவது கால்.

திருவெறும்பூரில் அவர் பட்டறைக்கு வந்துபோன உங்களில் சிலருக்கு இது தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பாலக்கரையில் தங்கள் பள்ளிவாசலுக்குப் புது சந்தூக் செய்து தருவதாகப் பாய் ஒப்புக்கொண்டிருந்தார். இறந்தவரைச் சுமந்து போகும் பெட்டி அது. பெட்டியை, பட்டறையில் அவரோடு வேலை பார்க்கும் ராஜேந்திரன் ஆசாரி முடித்துவிட்டார். கால்கள் பாயின் பொறுப்பு. அவருடைய மிஷினில் கட்டை படுத்தவாக்கில் மெல்லச் சுழலும். மேலிருந்து கத்தி இறங்கி, கணினியில் வரைந்த இலைக்கொடியை அதைச் சுற்றிலும் செதுக்கிக்கொண்டே போகும். மூன்று கால் முடிந்தது. நான்காவதைத் தள்ளிவைத்துவிட்டு எனக்கு ஒரு கைத்தடி செய்ய ஆரம்பித்தார். "பெட்டிக்கு என்ன சார் அவசரம்? யாரும் வரிசையில நிக்கலையே" என்று சிரித்தார். முதலில் அதை முடியுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நானும் சிரித்தேன்.

எங்கள் பழக்கம் ஒரு கணக்கில் தொடங்கியது. யூசுப்புக்கு ஒருகாலத்தில் கணக்குப் பாடம் எடுத்தவன் நான். அந்த உரிமையில், நான் ஓய்வு பெற்ற புதிதில், பாய் ஒரு கட்டையோடு என் வீட்டுக்கு வந்தார். கொடி சுற்றி வந்து சேருமிடத்தில் விரல் அகலத்துக்கு இடைவெளி விட்டிருந்தது. டம்ளர் ஒன்றில் காகிதத்தைச் சுற்றிக் காட்டினேன். காகிதத்தின் நீளம் டம்ளர் விட்டத்தைப்போல் மூன்று மடங்குக்குச் சற்று மேலே இருந்தால்தான் முனைகள் சேரும். அவர் சரியாக மூன்று மடங்கு வைத்திருந்தார். "அந்தச் 'சற்று'லதானா சார் என் மானம் போச்சு!" என்றார்.

பதிலுக்கு அவர் எனக்கு மிஷினை ஓட்டவும் சுழி போடவும் சொல்லிக் கொடுத்தார். கத்திமுனை எந்த உயரத்தில் நிற்கிறது என்று வேலைக்கு முன்னால் மிஷினுக்குச் சொல்லியாக வேண்டும். ஜீரோ வைப்பது என்பார்கள். அவர் சுழி போடுவது என்பார்.

"பாயே பிள்ளையார் சுழி போடுறாரு, பாருங்க சார்" என்று ஆசாரி சீண்டுவார்.

"நீ போடாமத்தானய்யா போன மாசம் தேக்கை உடைச்சே?" என்று பாய் திருப்பிக் கொடுப்பார். பிறகு என்னிடம் நிதானமாகச் சொல்வார்: "சுழி மரத்தோட தோல்ல இல்ல சார். உள்ள, அது சுத்துற நடுவுல இருக்கு. கை படாத இடம். தோலைத் தொட்டு அளந்தீங்க, மரம் ஏமாத்திடும்." அதனால் மரத்தைத் தொடவே மாட்டார். இருபது மில்லிமீட்டர் விட்டமுள்ள இரும்பு முளையை மிஷினின் பிடியில் மாட்டி, அதன் முதுகில் கத்தியைத் தொடவைத்து, நடுவிலிருந்து உயரம் பத்து என்று பதிவார்.

அன்று காலை இதெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று. அவரை அந்தப் பெட்டியில்தான் தூக்க வேண்டும் என்பதைத் தவிர மனத்தில் வேறொன்றும் இல்லை. நேராகத் திருவெறும்பூர் போனேன். ஆசாரி பட்டறையைத் திறந்துவிட்டார். கால்களுக்காகப் பழைய உத்திரத்திலிருந்து அறுத்த கட்டைகளில் இரண்டே மீதம். ஒன்றை மாட்டினேன். விட்டம் தொண்ணூறு, பாதி நாற்பத்தைந்து. நாற்பது வருடம் கரும்பலகையில் எழுதிய கணக்கு. கத்தியை மரத்தின் மேலேயே தொடவைத்து, நாற்பத்தைந்து என்று பதிந்துவிட்டேன்.

அந்த உத்திரத்தின் ஒரு பக்கத்தைக் கறையான் அரித்திருந்தது. சீவியதில் அங்கே பள்ளமாகியிருந்தது. என் கத்தி தொட்டது அந்தப் பள்ளத்தை. பள்ளத்தில் நிற்பவன் மேட்டில் நிற்பதாக எண்ணிக் கிணறு வெட்டினால் என்ன ஆகும்? ஒவ்வொரு வெட்டும் ஆழமாக விழுந்தது. ஒன்றரை மணி நேரம் கழித்து, காலின் கழுத்துப் பகுதியில் கட்டை முறிந்து தெறித்தது.

"போதும் சார். வெறுங்கட்டையை மாட்டிடலாம்" என்றார் ஆசாரி. அவர் கண் கலங்கியிருந்தது.

"மூணு காலுல கொடி, ஒண்ணு மொட்டையா?"

"மணி பன்னெண்டு ஆச்சு சார்."

அப்போதுதான் மேசையோரத்தில் அந்த இரும்பு முளையைப் பார்த்தேன். அதைப் பிடியில் மாட்டி, அதன் முதுகில் கத்தியைத் தொடவைத்தேன். பத்து என்று பதிந்துவிட்டு, கடைசிக் கட்டையை ஏற்றினேன். ஒவ்வொரு சுற்றும் முடியக் காத்திருந்தபோது, வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் இயந்திரத்தைக் கெஞ்சினேன்.

அது உடையவில்லை. ஆனால் இந்தக் கட்டையிலும் அதே கறையான் பக்கம் இருந்தது. அங்கே வரும்போதெல்லாம் கத்தி காற்றில் போயிற்று. "மரத்துல இல்லாததை மிஷின் செதுக்காது சார்" என்று பாய் எப்போதோ சொன்னது காதில் கேட்டது. கொடி மூன்று பக்கம் படர்ந்து, நான்காவது பக்கம் வழுக்கையாக நின்றது. ஆசாரி அந்தப் பக்கத்தை உள்ளே திருப்பிப் பொருத்தினார். பெட்டியைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு பாலக்கரை போய்ச் சேர்ந்தபோது அசர் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். தொழுகை முடிந்து பாயைத் தூக்கிப் போனபோது, அவர் எனக்குச் செய்து முடித்த தடியை ஊன்றிக்கொண்டு பின்னால் நடந்தேன். கூட்டத்தில் யாருக்கும் குறை தெரியவில்லை. சரி செய்யத் தெரிந்த ஒரே மனிதர் பெட்டிக்குள் இருந்தார்.

இரும்பு முளையை யூசுப்பிடம் கொடுத்துவிட்டேன். நான் வைத்திருப்பது முறிந்துபோன அந்தக் காலை. என் மேசைமேல் கிடக்கிறது. முறிந்த வாயில் மரத்தின் நடு தெரிகிறது. கை படாத இடம் என்று அவர் சொன்னது அதைத்தான். இப்போது அது என் விரலுக்கு எட்டுகிறது. தினமும் தொட்டுப் பார்க்கிறேன். எட்டியிருக்கவே வேண்டாம், பாய்.