ஃப்ரீசர் கேட்டுக் குற்றாலம் போனேன்

காலை எட்டு மணிக்குப் புளியங்குடியில் பஸ் ஏறினேன். தென்காசி முப்பத்தேழு கிலோமீட்டர். கையில் இலை சுருண்ட எலுமிச்சைக் கிளைகள் ஒரு கட்டு. நான் இந்தப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் தாவரவியல் வாத்தியார். எங்கள் ஊர் எலுமிச்சை மரங்கள் ஏன் இப்படிச் சாகின்றன என்று ஆராய வேண்டுமென்றால் இலையைக் கெடாமல் வைக்க மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசர் வேண்டும். இரண்டு முறை நிதி கேட்டேன், இரண்டு முறையும் கையை விரித்துவிட்டார்கள். இன்று அந்த நிதிக்கான தேர்வுக்குழு குற்றாலத்தில் கூடுகிறது. சீசன் பார்த்துத்தான் கூடுகிறது.

"அண்ணாச்சி, இத எங்க கொண்டு போறிய?" என்றார் கண்டக்டர்.

"மெட்ராஸ் புரொபசர்மாருக்குக் காட்ட."

"செத்த கெளையவா? நல்ல பழமா நாலு கொண்டு போனாலாவது காரியம் நடக்கும்லா!"

தென்காசியிலிருந்து ஐந்து கிலோமீட்டர், ஷேர் ஆட்டோவுக்கு இருபது ரூபாய். பத்தரைக்குக் குழு தங்கியிருந்த விடுதி வாசலில் நின்றேன். வாட்ச்மேன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கமிட்டியா? எல்லாரும் அருவிக்குப் போயிருக்காவ. துண்டு இருந்தா நீங்களும் போங்க."

மெயின் அருவியில் ஆண்கள் வரிசை. தலைவரைக் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. இடுப்பில் துண்டு, வெறும் மார்பில் அடையாள அட்டை. சென்னையில் பெரிய ஆராய்ச்சி நிறுவனத்துப் பேராசிரியர். நானும் சட்டையைக் கழற்றிவிட்டுக் கிளையும் கையுமாகப் பின்னால் நின்று விஷயத்தைச் சொன்னேன்.

"உங்க காலேஜ்ல இப்ப என்ன வசதி இருக்கு?" என்றார்.

"முதல்வர் ரூம் ஃப்ரிட்ஜ் சார். ஒரு வாரம் தோப்பு தோப்பா அலைஞ்சு பறிச்ச இலைய அதுலதான் வச்சேன். கேண்டீன்காரர் எடுத்து மோர்ல கசக்கிப் போட்டுட்டாரு. முதல்வர் ரெண்டு டம்ளர் குடிச்சாரு."

அவர் சிரிக்கவில்லை. "அதான் சொல்றேன். கருவி இருக்கற இடத்துக்குத்தான் கருவி கொடுக்க முடியும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்படியானால் முதல் கருவி எங்களுக்கு வானத்திலிருந்தா விழும்?

அவர் முறை வந்தது. தண்ணீர் கனமாக விழும் இடமாகப் பார்த்து நின்றவர் நகரவே இல்லை. போலீஸ்காரர் விசிலை ஊதினார். "ஏ சாரே! நனைஞ்சவுகளே நனைஞ்சுக்கிட்டிருந்தா எப்படி? பின்னால ஆளுக காய்ஞ்சுபோய் நிக்காவ, வழி விடுங்க!"

அந்தப் போலீஸ்காரரைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது. தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார், என் கிளையைப் பார்த்தார், சிரித்துவிட்டார். "ரெண்டு மணிக்கு வாங்க." பிறகு நானும் குளித்தேன். அப்பாடா, என்ன தண்ணீர்! இரண்டு வருஷக் கோபமும் அதில் இறங்கிப் போனது.

மதியம் இரண்டு மணி. "வாழ்த்துகள். ஃப்ரீசர் உங்க பேர்லயே சாங்ஷன்" என்றார் தலைவர். கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் மேலே சொன்னார்: "எங்க நிறுவனத்துலயே வச்சுக்கறோம். அங்கதான் வசதி இருக்கு. நீங்க எப்ப வேணும்னாலும் வரலாம், பயணப்படி உண்டு."

சென்னை அறுநூறு கிலோமீட்டர். அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. பயணப்படிக்கு ஒரு படிவத்தை நீட்டினார்கள். எத்தனை முறை வருவீர்கள் என்று அதில் ஒரு கட்டம். இலையை நாள் தவறாமல் பார்த்தாக வேண்டுமே. 'தினமும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

தலைவர் அதை இரண்டு முறை படித்தார். பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "உங்க காலேஜ்ல கரண்ட் ஒழுங்கா வருமா?"