அம்மாவுக்கு வெயில் படாத மூன்று வருடங்கள்

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய வீட்டின் மேல்மாடிப் பின்னறை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அங்கே இருந்தவர் அம்மா மட்டும்தான். நான் இருக்கவில்லை, துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் கம்பனிக் கந்தோரில் எனக்கு எழுதுவினைஞர் வேலை, எட்டு மணிக்கே போய்விட்டேன். அப்பா இருக்கவில்லை, தோட்டத்தை விட்டு வர மனமில்லாமல் ஊரிலேயே தங்கிவிட்டவர் அவர். கீழே குடியிருக்கும் வீட்டுக்கார அன்ரியும் அன்றைக்கு நீர்கொழும்பில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். எங்கள் அறைக் கதவு வெளியே பூட்டியிருந்தது. சாவி என் சட்டைப் பையில்.

பெற்ற தாயை உள்ளே வைத்து ஏன் வெளியே பூட்டினாய் என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அம்மா கண் ஒப்பரேஷனுக்காக, குறித்த நாட்களுக்கு மட்டும் தரும் பயண அனுமதியான பாஸ் எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். ஒப்பரேஷன் முடிந்தது, ஆனால் பாஸின் நாட்கள் முடிவதற்குள் ஊருக்குப் போகும் பாதை மூடிவிட்டது. வடக்கிலிருந்து வந்து கொழும்பில் தங்குபவர்கள் பொலிஸில் பதிய வேண்டும். முடிந்துபோன பாஸோடு அம்மாவை அங்கே கூட்டிக்கொண்டு போக எனக்குப் பயம். அந்தப் பயம் சும்மா வந்ததல்ல. எங்கள் ஒழுங்கையில் இருந்த இரண்டு பொடியன்களை ஒரு சுற்றிவளைப்பில் பொலிஸார் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒருவன் நாற்பது நாள் கழித்து வந்தான். மற்றவனைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

அதனால் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். காலையில் போகும்போது வெளியே பூட்டு. தேடி வருகிறவர்கள் பூட்டைப் பார்த்தால் ஆளில்லை என்று திரும்பிவிடுவார்கள். யன்னல் திறக்கக் கூடாது, ரேடியோ போடக் கூடாது, மாடிப்படியில் யார் ஏறினாலும் மூச்சுக் காட்டக் கூடாது. அம்மா ஏனென்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பாவுக்குத் தன் பெயரை மட்டும் எழுதத் தெரியும். அம்மாவுக்கு அதுவும் தெரியாது. "தம்பி படிச்சவன். அவன் சொன்னா ஒரு காரணம் இருக்கும்" என்று அன்ரியிடம் சொல்லுவார்.

அன்ரி விடமாட்டார். "பெரிய படிப்புத்தான். அம்மாவக் கோழி மாதிரிக் கூட்டுக்குள்ள போட்டு வச்சிருக்கிறீங்க. பொலிஸுக்குப் போய்ப் பதிஞ்சு போடுங்க தம்பி, வீட்டுக்காரி நான் கையெழுத்து வச்சுத் தாறேன்."

"வாற மாசம் அன்ரி."

"அது எந்த வருசத்து வாற மாசம்?"

இப்படியே மூன்று வருடம் போயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வீட்டில் நின்றாலும் அம்மா வாசலுக்கு வரமாட்டார், பழகிவிட்டது. பால்மா பக்கற்றை எனக்கென்று ஒதுக்கிவிட்டுத் தான் வெறும் தேத்தண்ணீர் குடிப்பார். முதல் வருடத்தில் தோட்டத்து வெயிலில் கறுத்திருந்த அவருடைய தோல் வெளுத்தது. "கொழும்புத் தண்ணியில அம்மா நிறம் வச்சிட்டாங்க" என்று அன்ரி பகிடி பண்ண, நாங்களும் சந்தோஷப்பட்டோம். அடுத்த வருடம் முதுகு நோகிறது என்றார். பிறகு ஒரு நாள் தண்ணீர் வாளி தூக்கும்போது இடது மணிக்கட்டு முறிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் சோதனைச்சாவடி. நான் அட்டை வைத்துத் துணியால் கட்டி, எண்ணெய் பூசினேன். கை கொஞ்சம் கோணலாகப் பொருந்தியது.

மூன்றாம் வருடம், சுவரில் அடித்திருந்த சாமித்தட்டு அவருக்கு எட்டவில்லை. முன்பெல்லாம் கையை நீட்டிப் படத்துக்குப் பூ வைத்தவர்.

"தட்டை மேல ஏத்தி அடிச்சனியே தம்பி?"

"தட்டு அங்கதான் நிக்குது. நீங்கள்தான் கட்டையாப் போனீங்கள்."

சொல்லிவிட்டுச் சிரித்தேன். அவரும் சிரித்தார். ஐம்பத்தெட்டு வயதில் ஒரு மனுஷி ஏன் உயரம் குறைந்து கட்டையாகிறாள் என்று அந்தப் படித்தவனுக்குக் கேட்கத் தோன்றவில்லை. சனிக்கிழமை புறக்கோட்டை நடைபாதையில் ஒரு சின்ன முக்காலி வாங்கி வந்து கொடுத்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பூ வைக்க ஏறி, அந்த முக்காலியிலிருந்துதான் விழுந்தார். ஒரு முழ உயரம்கூட இல்லை. குழந்தைகள் குதித்து விளையாடுகிற உயரம்.

நான் வந்து பூட்டைத் திறந்தபோது மாலை ஐந்தரை. அம்மா சீமெந்துத் தரையில் ஒருக்களித்துக் கிடந்தார். வலது பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தது. சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக் கடித்திருந்தார்; அது நனைந்து போயிருந்தது. என்னைக் கண்டதும் அதை எடுத்துவிட்டுச் சொன்னார்:

"லைற் மீற்றர் பாக்கிறவன் வந்தவன் தம்பி. கதவடியில நிண்டு எழுதினவன். நான் ஒரு சத்தமும் போடேல்லை."

அவனும் அம்மாவும் நின்றதும் கிடந்ததும் ஒரு கதவின் இரண்டு பக்கம். ஒரு கூப்பிட்ட குரல் போதும், அவன் கீழே ஓடி நாலு பேரைக் கூட்டி வந்திருப்பான். அவனுடைய காலடி படியிறங்கிப் போகும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்திருக்கிறார். பிறகு ஏழு மணித்தியாலம். நான் சொல்லி வைத்ததைச் சரியாகச் செய்துவிட்டதாகத்தான் என்னிடம் சொன்னார். அந்த முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

ஒழுங்கை முனையில் இருந்த மீன்கடைக்காரர் தன் மீன் ஏற்றும் வானைக் கொண்டுவந்தார். மேசைப் பலகையொன்றைக் கழற்றி அதில் அம்மாவைக் கிடத்திக் கட்டி இறக்கினோம். வழியில் சோதனைச்சாவடி. மூன்று வருடமாக நான் கனவில் கண்டு விழித்த இடம். ஒரு இளம் சிப்பாய் உள்ளே எட்டிப் பார்த்தான்.

"மொகத வுனே?" என்ன நடந்தது என்று கேட்டான்.

"அம்மா வெட்டுனா" என்றேன். விழுந்துவிட்டார் என்று சொல்ல அவ்வளவு சிங்களம்தான் வாயில் வந்தது.

அவன் பாஸ் கேட்கவில்லை. பலகையிலிருந்து சரிந்திருந்த அம்மாவின் கையைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, "யன்ன, யன்ன" என்று, போகச் சொல்லி வழி விட்டான். வேறொரு நாள், வேறொரு ஆள் என்றால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது.

தொடை எலும்பு இடுப்போடு பொருந்தும் இடத்தில் முறிந்திருந்தது. வார்டில் இருந்த சிங்கள டொக்டர் என் வயதுப் பெண். எக்ஸ்ரே படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் கேட்டார், எத்தனை வருடமாக இவர் படுக்கையில் இருக்கிறார் என்று.

படுக்கையில் இல்லை, சமையல் முதல் எல்லா வேலையும் செய்கிறவர் என்றேன்.

அவர் நம்பவில்லை. கோணல் மணிக்கட்டைத் தடவிப் பார்த்தார். முதுகெலும்பை விரலால் எண்ணுவது போல் அழுத்திக்கொண்டு போனார். இதிலும் சில எலும்புகள் நசுங்கியிருக்க வேண்டும், அதனால்தான் ஆள் கட்டையாகியிருக்கிறார் என்றார். மாதவிலக்கு எப்போது நின்றது என்று கேட்கச் சொன்னார். நாற்பது வயதில் கர்ப்பப்பையோடு எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள் என்று அம்மா கூச்சத்தோடு சொன்னார். அது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். அப்படி எடுத்தவர்களுக்கு எலும்பு மற்றவர்களைவிட முந்தியே கரையத் தொடங்கும் என்று டொக்டர் விளக்கினார். கடைசியாக, வெயிலில் போவாரா என்று கேட்டார்.

மூன்று வருடம் போகவில்லை என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. அனுமதித் துண்டில் இருந்த தமிழ்ப் பெயரைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பிறகு தாளில் எதையோ எழுதினார்.

எங்கள் பேச்சு விளங்காமல் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, என் கையைச் சுரண்டினார். "சொல்லு தம்பி, நீ ஏ.எல்.லில பயோ படிச்சனியெண்டு. உன்னோட நல்லாக் கதைப்பா."

நான் அதை மொழிபெயர்க்கவில்லை. தோலில் வெயில் பட்டால் விற்றமின் டி உண்டாகும், அது இல்லாவிட்டால் உண்ணும் கல்சியம் எலும்பில் சேராது என்று உயர்தரப் பரீட்சை உயிரியல் தாளில் படம் கீறி எழுதியவன் நான். அந்த விடைக்கு முழுப் புள்ளியும் கிடைத்திருக்கும்.

ஒன்பதாம் நாள் தகடு வைத்து ஒப்பரேஷன் செய்தார்கள். அதற்கு முன்பே மயக்க மருந்து கொடுக்கும் டொக்டர், திரும்ப நடப்பார் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். பக்கத்துக் கட்டிலில் இருந்த கொம்பனித்தெரு முஸ்லிம் அம்மா ஒருவர், "பயப்படாதீங்க தங்கச்சி, நானும் விழுந்தவதான். நான் பூனைக்குச் சோறு வைக்கப் போய் விழுந்தேன், நீங்க சாமிக்குப் பூ வைக்கப் போய் விழுந்தீங்க. உங்களுக்குத்தான் முதல்ல சுகமாகும்" என்றார். அன்றைக்குத்தான் அம்மா விழுந்த பிறகு முதல்முறை சிரித்தார்.

அம்மா வார்டில் இருக்கும்போதே அன்ரியைக் கூட்டிக்கொண்டு பொலிஸுக்குப் போனேன். ஆஸ்பத்திரித் துண்டையும் அம்மாவின் அடையாள அட்டையையும் காட்டினேன். ஏன் இவ்வளவு பிந்தி வந்தாய் என்று அந்த அதிகாரி பேசினார், பேசிக்கொண்டே பதிந்தார். அவர் தேநீர் குடிக்கப் போன நேரத்தையும் சேர்த்து ஒன்றரை மணித்தியாலம். எல்லோருக்கும் அப்படி நடந்திருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். எங்களுக்கு நடந்தது இது. வெளியே வந்ததும் அன்ரி குடையை விரித்துக்கொண்டு முன்னால் நடந்தார். அவர் ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மாடிப்படி இனி ஏறக் கூடாது என்றதால் வெள்ளவத்தையில் கீழ்த்தளத்து அறையொன்றுக்கு மாறினோம். நாலு கால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து கதவுவரை நடக்க அம்மாவுக்கு இரண்டு மாதம் எடுத்தது. கதவிலிருந்து ஒழுங்கை முனைவரை இன்னும் மூன்று மாதம். இப்போது காலையில் எட்டரை மணிபோலக் கடற்கரைப் பக்கம் மெதுவாகப் போய் வெயிலில் அரை மணித்தியாலம் இருந்துவிட்டு வருகிறார். டொக்டர் தந்த கல்சியக் குளிசையும் விற்றமின் குளிசையும் தவறுவதில்லை. பால்மா இருவருக்கும் கரைக்கிறேன். நெத்தலியை முள்ளோடு சாப்பிடுகிறார். சாமித்தட்டை அவருடைய நெஞ்சு உயரத்துக்கு இறக்கி அடித்துவிட்டேன்.

ஊரிலிருந்து வந்து எங்களைப் போல அறைக்குள் இருக்கிற குடும்பங்களைக் காணும்போது, வீட்டில் ஐம்பது தாண்டிய பெண்கள் இருந்தால் நான் வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன்: வெளியில் வெயில் படுகிறதா, முன்பைவிடக் கட்டையாகிவிட்டாரா, சின்ன விழுகையில் கை உடைந்ததா. சிலர் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

அம்மா இன்றுவரை என்னைக் குற்றம் சொல்லவில்லை. தம்பி அன்றைக்கு வேறென்ன செய்திருப்பான் என்றுதான் எல்லோரிடமும் சொல்லுகிறார், அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன். அவருடைய வலது கால் இப்போது இடது காலைவிட ஓர் அங்குலம் கட்டை. அவரைக் காப்பாற்றுவதாக நினைத்து, படித்ததை யோசிக்காமல் நான் பூட்டிய அந்தப் பூட்டுக்கு நாங்கள் கொடுத்த விலை அந்த ஓர் அங்குலமும், தகடு, வான், மருந்து, புது அறையின் முற்பணம் எல்லாமாக எழுபத்தோராயிரத்து இருநூறு ரூபாயும்.